வேலையில் விபத்தா? இழப்பீடு கேட்டு வாங்கும் வழி, முதல் நாளிலிருந்து

கட்டடத் தொழிலாளர் சங்க அலுவலகம் ஒன்றில் உட்கார்ந்து விபத்து இழப்பீட்டு மனுக்கள் எழுதிக் கொடுத்து வருகிறேன். உதவி கேட்டு வரும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகின்றன. எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்ற வரிசை தெரியாததுதான் காரணம். ஆறு மாதம் கழித்து ஆறு கிலோ காகிதத்தோடு வருவார்கள். முதல் நாளில் வாங்கியிருக்க வேண்டிய ஒரு காகிதம் மட்டும் அதில் இருக்காது.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923, விபத்து யாருடைய தவறு என்று கேட்பதில்லை. முதலாளி கவனக்குறைவாக இருந்தார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதே இல்லை. அது கேட்பது மூன்று கேள்விகள். அடிபட்டவர் அந்த முதலாளியிடம் வேலை செய்தாரா? வேலையின் போது, வேலையின் காரணமாக அடிபட்டதா? அவருடைய வயதும் சம்பளமும் என்ன? கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்த மூன்றில் ஒன்றுக்குப் பதில் சேர்ப்பதற்காகத்தான்.

1. மருத்துவமனையில் சொல்லும் முதல் வாக்கியம்

சாரத்திலிருந்து விழுந்தவரை ஆட்டோவில் ஏற்றும்போதே மேஸ்திரி சொல்வார்: "வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் போலீஸ் கேஸ் ஆகிவிடும், வைத்தியம் தாமதமாகும். செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்." பதற்றத்தில் இருக்கும் மனைவியோ தம்பியோ அப்படியே சொல்லிவிடுவார்கள்.

மருத்துவமனையில் அதை விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்வது அதன் நகலைத்தான். எங்கே, எப்போது, எப்படி அடிபட்டது என்று ஒரே ஒரு வரி அதில் இருக்கும். ஒரு வருடம் கழித்து விசாரணையில் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்த ஒரு வரியைத்தான்.

அதனால் இப்படிச் சொல்லுங்கள்: "இன்னார் கட்டும் இன்ன இடத்துக் கட்டடத்தில், இன்ன நேரத்தில், சென்டரிங் வேலை பார்க்கும்போது இரண்டாம் மாடியிலிருந்து விழுந்தார்." இடம், நேரம், வேலை, முதலாளி பெயர் நான்கும் வர வேண்டும். போலீஸ் கேஸ் ஆனால் வைத்தியம் பார்க்க மாட்டார்கள் என்பது பொய். உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்கு முதலில் சிகிச்சை, பிறகுதான் சம்பிரதாயம் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஏற்கெனவே தவறாகச் சொல்லியாகிவிட்டதா? மறைக்காதீர்கள். காவல்துறைக்கும் முதலாளிக்கும் எழுதும் முதல் கடிதத்திலேயே, யார் சொல்லச் சொன்னதால் அப்படிச் சொன்னோம் என்று எழுதிவிடுங்கள். முதல் வாரத்தில் திருத்தினால் நம்புவார்கள். விசாரணைக் கூண்டில் ஏறித் திருத்தினால் நம்புவது கடினம்.

டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஸ்கேன், மருந்து பில் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். 2009 திருத்தத்துக்குப் பிறகு, வேலையில் பட்ட காயத்துக்கு ஆன உண்மையான மருத்துவச் செலவையும் முதலாளி தர வேண்டும். பில் இல்லாத செலவுக்குப் பணம் வராது. அதேபோல, முதலாளி மருத்துவமனையில் கட்டிய தொகையை இழப்பீட்டில் கழித்துக்கொள்ள முடியாது. இரண்டும் வேறு வேறு கணக்கு.

2. காவல் நிலையம்

எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றதற்கான ரசீதை வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், அது புகார் கொடுத்தவரின் உரிமை. உயிரிழப்பு என்றால் எஃப்.ஐ.ஆர்., பிரேத விசாரணை அறிக்கை, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் மூன்றும் வேண்டும். போஸ்ட்மார்ட்டம் இல்லாமல் உடலை வாங்கிக்கொண்டு போய்விட்டால், மரணத்துக்குக் காரணம் விபத்துதான் என்று காட்டுவதே பெரும்பாடாகிவிடும்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. போலீஸ் வழக்கை முடித்துவிட்டது, யார் மீதும் தவறில்லை என்று எழுதிவிட்டது, அதனால் இழப்பீடு கிடைக்காது என்று நினைத்துப் பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். எஃப்.ஐ.ஆர். நமக்குத் தேவைப்படுவது சம்பவம் நடந்ததற்குச் சான்றாக மட்டும். குற்ற வழக்கின் முடிவு இழப்பீட்டைத் தடுக்காது.

3. எந்தக் கதவைத் தட்டுவது என்று முடிவு செய்யுங்கள்

மனு எழுத உட்காரும் முன் இதைப் பார்த்தே ஆக வேண்டும். தவறான அலுவலகத்தில் இரண்டு வருடம் ஓடிவிட்டால் அந்தக் காலம் திரும்பி வராது.

முதலில் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு. சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ளா? அந்த நிறுவனம் இ.எஸ்.ஐ.க்கு உட்பட்டதா? ஆம் என்றால் உங்களுக்கு 1923 சட்டம் கிடையாது. இ.எஸ்.ஐ. சட்டத்தின் 53-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. கிளை அலுவலகத்துக்குப் போய் விபத்து அறிக்கை பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனம் உட்பட்டது, ஆனால் உங்கள் பெயரைச் சேர்க்கவில்லை என்றாலும் அங்கேதான் போக வேண்டும். இ.எஸ்.ஐ.யில் நிரந்தர ஊனத்துக்கும் உயிரிழப்புக்கும் மாதாமாதம் பணம் வரும். பல குடும்பங்களுக்கு அது மொத்தத் தொகையைவிட மேலானது.

அடுத்து வாகன விபத்து. லாரி டிரைவர், கிளீனர், வேன் லோடுமேன் போன்றவர்கள் மோட்டார் வாகனத் தீர்ப்பாயத்திலும் கேட்கலாம், இந்தச் சட்டத்திலும் கேட்கலாம். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 167-ஆம் பிரிவுப்படி இரண்டில் ஒன்றுதான். ஓட்டியவரே தவறு செய்து விபத்தானது என்றால், தவறு பார்க்காத இந்தச் சட்டமே அவருக்குப் பாதுகாப்பு. எதிரே வந்த வண்டியின் தவறு தெளிவாக இருந்தால் தீர்ப்பாயத்தில் கூடுதலாகக் கிடைக்க வாய்ப்புண்டு. ஏனென்றால் அங்கே சம்பளத்துக்கு உச்சவரம்பு இல்லை.

மூன்றாவது, விபத்து நடந்த தேதி. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2020 நடைமுறைக்கு வந்து, 1923 சட்டத்தைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. அந்தத் தேதிக்கு முன் நடந்த விபத்துகள் பழைய சட்டப்படியே நடக்கும். அதன் பிறகு நடந்தவற்றுக்கு மனுவில் புதிய தொகுப்பைக் குறிப்பிடுங்கள். தவறு பார்க்காத கொள்கையும், ஏழாவது படியில் வரும் 50 சதவீதம், 60 சதவீதம் என்ற கணக்கும் புதியதிலும் தொடர்கின்றன. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில், வரும் வழியில் நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பிருந்தால், புதிய தொகுப்பில் சேரும். பழைய சட்டத்திலும் அப்படியே பார்க்க வேண்டும் என்று 2025 ஜூலையில் சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கீழே நான் தரும் பிரிவு எண்களும் தொகைகளும் 1923 சட்டத்தின்படி.

கட்டடத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்தவர்களுக்கு வாரியம் தரும் விபத்து நிதி தனி. அதை வாங்கினால் இது போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டுக்கும் மனு போடுங்கள்.

4. யார் யார் மீது மனு என்று பட்டியல் எழுதுங்கள்

கூலி கொடுத்த மேஸ்திரியின் பெயரை மட்டும் போட்டு மனு எழுதுகிறவர்கள் நிறைய. உத்தரவு வந்த பிறகு மேஸ்திரியிடம் ஒன்றும் இருக்காது. அவரும் கூலிக்காரர்தான்.

12-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. ஒரு கம்பெனி தன் தொழிலின் பகுதியான வேலையைத் தன் இடத்தில் கான்ட்ராக்டர் மூலம் செய்தால், இழப்பீட்டை முதன்மை முதலாளியாகிய அந்தக் கம்பெனியிடமே கேட்கலாம். கம்பெனி பிறகு கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். அதனால் மேஸ்திரி, கான்ட்ராக்டர், கம்பெனி, இவர்களில் யாராவது பாலிசி எடுத்திருந்தால் அந்த இன்சூரன்ஸ் கம்பெனி என எல்லோரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள்.

ஒரு எச்சரிக்கை. தன் சொந்தக் குடியிருப்புக்கு வீடு கட்டும் ஒருவருக்கு வீடு கட்டுவது தொழில் அல்ல. அங்கே வேலையை மொத்தமாக எடுத்துச் செய்த கான்ட்ராக்டர்தான் பொறுப்பு. வீட்டுக்காரரே நேராக ஆள் வைத்துக் கூலி கொடுத்தாரா, கான்ட்ராக்டருக்கு விட்டாரா என்பதை மனு எழுதும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

5. வேலைக்கும் சம்பளத்துக்கும் ஆதாரம் தேடுங்கள்

என் அனுபவத்தில் இழப்பீடு குறைவதும் தவறுவதும் இங்கேதான். விபத்து நடந்ததை யாரும் மறுக்க முடியாது, உடம்பிலேயே தெரிகிறது. "அவர் எங்கள் ஆளே இல்லை" என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் பதில்.

நியமன உத்தரவு, அடையாள அட்டை, பி.எஃப். எண் இருந்தால் நல்லது. தினக்கூலிக்காரரிடம் எதுவும் இருக்காது. அப்போது இவற்றைத் தேடுங்கள்:

சனிக்கிழமைதோறும் மேஸ்திரி அனுப்பிய ஜிபே, போன்பே பணம். அதை ஸ்கிரீன்ஷாட்டாக விடாமல் வங்கிக் கணக்கு அறிக்கையாக, முத்திரையோடு வாங்குங்கள். "நாளைக்கு ஏழு மணிக்கு சைட்டுக்கு வா" என்ற வாட்ஸ்அப் குரல் செய்தி. மேஸ்திரியின் ஆள் கணக்கு நோட்டில் பெயர் இருக்கும் பக்கத்தின் போட்டோ. சைட்டில் கம்பெனி ஹெல்மெட்டோடு எடுத்த படம். ஆயுத பூஜை குரூப் போட்டோவை வைத்து வேலை உறவைக் காட்டிய வழக்கும் எங்களிடம் உண்டு.

கூட வேலை செய்தவர்களின் பெயரையும் போன் எண்ணையும் முதல் வாரத்திலேயே எழுதி வையுங்கள். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர்களாக இருந்தால் சொந்த ஊர் முகவரியும் வேண்டும். வேலை முடிந்ததும் அவர்கள் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். பிறகு சாட்சியைத் தேடி அலைய முடியாது.

அடிபட்டவரின் போனைப் பத்திரமாக வையுங்கள். பழைய போனைப் பிள்ளைக்குக் கொடுத்து, அவன் எல்லாவற்றையும் அழித்து, இருந்த ஒரே ஆதாரமும் போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

வயதுக்குப் பள்ளிச் சான்றிதழ் சிறந்தது. ஆதாரில் ஜனவரி 1 என்று பொதுவாகப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். வயது ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஏழாவது படியில் தெரியும்.

6. முதலாளிக்கு எழுத்தில் அறிவிப்பு

விபத்து நடந்த பின் முடிந்தவரை சீக்கிரம் முதலாளிக்கு அறிவிப்பு கொடுக்க வேண்டும் என்று 10-ஆம் பிரிவு சொல்கிறது. பெயர், முகவரி, விபத்து நடந்த தேதி, காரணம். ஒரு பக்கம் போதும், எளிய தமிழ் போதும். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை எடுத்து வையுங்கள்.

அறிவிப்பு கொடுக்கத் தவறிவிட்டாலும் பயப்பட வேண்டாம். முதலாளிக்கு விபத்து வேறு வழியில் தெரிந்திருந்தாலோ, உயிரிழப்பு அவருடைய இடத்திலேயே நடந்திருந்தாலோ அது மனுவைத் தடுக்காது. அப்படியானால் ஏன் அனுப்பச் சொல்கிறேன்? அறிவிப்புக்கு முதலாளி எழுதும் பதிலுக்காக. "எங்கள் இடத்தில்தான் விழுந்தார், ஆனால் ஹெல்மெட் போடவில்லை" என்று எழுதிவிட்டால், முதல் இரண்டு கேள்விகளுக்கும் அவரே பதில் சொன்னதாக ஆகிவிடும்.

அந்த ஹெல்மெட் வாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடித்திருந்தார், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினார், பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே கழற்றினார் என்ற மூன்று வாதங்களைச் சட்டம் முதலாளிக்கு அனுமதிக்கிறது. ஆனால் உயிரிழப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் இந்த வாதங்கள் செல்லாது. கணவரை இழந்த பெண்ணிடம் "குடித்திருந்தார், அதனால் ஒன்றும் கிடையாது" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அது சட்டப்படி தவறு.

முதலாளி தன் செலவில் மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால் போய்விடுங்கள். மறுத்தால் மறுக்கும் காலம் வரை உங்கள் உரிமை நிறுத்தி வைக்கப்படும். போகும்போது துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள். எந்தக் காகிதத்திலும் கையெழுத்து வேண்டாம்.

7. கணக்கை நீங்களே போடுங்கள்

தொகையைத் தெரிந்துகொண்ட பிறகுதான் யாரிடமும் பேச உட்கார வேண்டும். கணக்கு கடினமானது அல்ல.

உயிரிழப்பு: மாதச் சம்பளத்தில் 50 சதவீதம் பெருக்கல் வயதுக் காரணி. குறைந்தது 1,20,000 ரூபாய்.
நிரந்தர முழு ஊனம்: 60 சதவீதம் பெருக்கல் வயதுக் காரணி. குறைந்தது 1,40,000 ரூபாய்.
நிரந்தரப் பகுதி ஊனம்: முழு ஊனத் தொகையில், சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போயிற்றோ அத்தனை சதவீதம்.
தற்காலிக ஊனம்: அரை மாதத்துக்கு ஒரு முறை மாதச் சம்பளத்தில் 25 சதவீதம், அதிகபட்சம் ஐந்து வருடம்.

வயதுக் காரணி நான்காம் அட்டவணையில் இருக்கிறது. 20 வயதுக்கு 224.00, 25-க்கு 216.91, 30-க்கு 207.98, 35-க்கு 197.06, 40-க்கு 184.17, 45-க்கு 169.44, 50-க்கு 153.09, 60-க்கு 117.41. விபத்துக்கு முந்தைய பிறந்தநாளில் முடிந்த வயதை எடுக்க வேண்டும்.

சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2020 ஜனவரி 3 முதல் அது 15,000 ரூபாய். அதற்கு முன் 8,000 ரூபாய். உண்மையான சம்பளம் எவ்வளவு அதிகமாக இருந்தாலும் கணக்குக்கு அவ்வளவுதான்.

ஒரு எடுத்துக்காட்டு. 30 வயது கொத்தனார், நாள் கூலி 800 ரூபாய், மாதம் 26 நாள். 20,800 ரூபாய் வருகிறது, கணக்குக்கு 15,000. அவர் இறந்துவிட்டால் 7,500 பெருக்கல் 207.98, அதாவது 15,59,850 ரூபாய். கான்ட்ராக்டர் மாதம் 9,000 தான் கொடுத்தேன் என்று சொல்லி, மறுக்க உங்களிடம் ஒன்றும் இல்லாவிட்டால் 9,35,910 ரூபாய். ஆறு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். ஐந்தாவது படியில் ஜிபே கணக்கை அவ்வளவு வலியுறுத்தியது இதற்காகத்தான்.

வயதும் அப்படியே. 40 வயதுக்காரரை 45 என்று எழுதிவிட்டால், உயிரிழப்பு வழக்கில், அதே 15,000 சம்பளத்தில் 1,10,475 ரூபாய் குறைந்துபோகும்.

இதற்கு மேல் வட்டி. விபத்து நடந்த அன்றே இழப்பீடு கொடுக்க வேண்டியதாகிவிடுகிறது. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் வருடத்துக்கு 12 சதவீத வட்டி. மேலே சொன்ன கொத்தனார் வழக்கில் வருடத்துக்கு 1,87,182 ரூபாய். நியாயமான காரணம் இல்லாமல் தாமதித்தால் இழப்பீட்டில் 50 சதவீதம் வரை அபராதமும் போடலாம். வட்டியை இன்சூரன்ஸ் கம்பெனி தரும், அபராதத்தை முதலாளியே தர வேண்டும். இரண்டையும் மனுவில் தனியாகக் கேட்க மறக்காதீர்கள்.

8. சதவீதத்தில் கவனம்

கை கால் போனவர்களின் வழக்கில் தொகையைத் தீர்மானிப்பது இந்த ஒரு எண்தான். முதலாம் அட்டவணையில் சில காயங்களுக்கு நேரடியாகச் சதவீதம் இருக்கிறது. கட்டைவிரல் போனால் 30. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. மற்ற கண் நன்றாக இருந்து ஒரு கண் போனால் 40. மேலே சொன்ன கொத்தனாருக்கே கட்டைவிரல் போயிருந்தால் 18,71,820 ரூபாயில் 30 சதவீதம், 5,61,546 ரூபாய்.

அட்டவணையில் இல்லாத காயங்களும் நிறைய. முதுகெலும்பு முறிவு, கம்பி வைத்த தொடை, மடங்காத முழங்கை. இவற்றுக்கு மருத்துவர் சதவீதம் எழுதித் தர வேண்டும். பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். பஸ் பாஸுக்கும் உதவித்தொகைக்கும் வாங்கும் மாற்றுத்திறனாளி அட்டையில் இருப்பது உடல் ஊனத்தின் சதவீதம். சட்டம் கேட்பது சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்பதை. இரண்டும் ஒன்றல்ல.

உச்ச நீதிமன்றத்தின் 1976 தீர்ப்பு ஒன்று இதை நன்றாக விளக்குகிறது. இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சர் ஒருவர். அட்டவணைப்படி அது முழு ஊனம் இல்லை. ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, அதனால் 100 சதவீதம் என்று நீதிமன்றம் ஏற்றது. ஆகவே மருத்துவரிடம் போகும்போது தொழிலைச் சொல்லுங்கள். "சாரம் ஏற வேண்டும், 50 கிலோ மூட்டை தூக்க வேண்டும், குந்தி உட்கார்ந்து டைல்ஸ் போட வேண்டும்" என்று சொல்லி, அந்த வேலையை இனிச் செய்ய முடியுமா என்று சான்றிதழில் எழுதித் தரக் கேளுங்கள். சிகிச்சை முழுதும் முடிந்த பிறகு வாங்குங்கள். புண் ஆறும் முன் வாங்கிய சான்றிதழ் விசாரணையில் நிற்காது.

9. மனு

விபத்து அல்லது மரணம் நடந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். போதுமான காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கலாம். அதை நம்பி இருக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் இந்த மனுக்களை விசாரிப்பவர்கள் தொழிலாளர் நலத்துறையின் இணை ஆணையர் அல்லது துணை ஆணையர். சிவில் கோர்ட்டில் போட முடியாது. எந்த ஊரில் போடுவது? விபத்து நடந்த இடம், நீங்கள் வழக்கமாகக் குடியிருக்கும் இடம், முதலாளியின் பதிவு அலுவலகம் இருக்கும் இடம், இந்த மூன்றில் எதுவும் சரி. பெங்களூரில் வேலைக்குப் போய் இறந்தவரின் மனைவி தருமபுரியில் இருந்தால் பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை.

காயம்பட்டவர் படிவம் எஃப், உயிரிழப்பில் சார்ந்திருந்தவர்கள் படிவம் ஜி. உயிரிழப்பில் வாரிசுச் சான்றிதழை மட்டும் பார்த்துப் பெயர் எழுதாதீர்கள். இந்தச் சட்டத்தில் பணம் வாரிசுக்கு அல்ல, இறந்தவரைச் சார்ந்திருந்தவர்களுக்கு. மனைவி, 18 வயதாகாத மகன், திருமணமாகாத மகள், விதவைத் தாய் முதல் வரிசையில் வருகிறார்கள். தந்தை போன்றவர்கள் இறந்தவரின் சம்பாத்தியத்தைச் சார்ந்திருந்ததைக் காட்ட வேண்டும். யாரையும் விட்டுவிடாதீர்கள். தாயை விட்டுவிட்டு மருமகள் மட்டும் மனு போட்டு, பிறகு குடும்பமே இரண்டாகி, வழக்கு வருடக் கணக்கில் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

வக்கீல் கட்டாயம் இல்லை. எழுத்தில் அதிகாரம் கொடுத்தால் பதிவு பெற்ற தொழிற்சங்கத்தின் நிர்வாகியும் உங்களுக்காக ஆஜராகலாம். கையில் பணம் இல்லாத தொழிலாளர்களும் பெண்களும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம்.

10. இடையில் வரும் பேச்சுவார்த்தை

முதலாளி தரப்பிலிருந்து ஆள் வருவார். கையில் ரொக்கமும் ஒரு ஸ்டாம்ப் பேப்பரும் இருக்கும். "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று எழுதியிருக்கும்.

இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் அல்லது குறைக்கும் ஒப்பந்தம் 17-ஆம் பிரிவுப்படி செல்லாது. உயிரிழப்பில் பணத்தை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். மூன்று மாதச் சம்பளம் அளவுக்கு முன்பணம் மட்டுமே நேராகத் தரலாம். அதற்கு மேல் காரியத்தன்று கையில் கொடுத்தது இழப்பீடாகக் கணக்கில் வராது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று கலங்கி வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: இன்னும் மனு போடலாம், போடுங்கள்.

காயம்பட்டவர் சமரசம் செய்ய விரும்பினால் ஒப்பந்தத்தை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது என்று தோன்றினால் அவர் பதிய மறுக்கலாம். வெற்றுத் தாளில் மட்டும் எந்த நிலையிலும் கையெழுத்தோ கைநாட்டோ வேண்டாம்.

11. விசாரணை நாள்

முதலில் மனுதாரர் சாட்சி சொல்வார், பிறகு கூட வேலை செய்தவர், மருத்துவர். பதில்கள் சுருக்கமாக இருக்கட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். சம்பளத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள். 15,000-க்கு மேல் சொல்வதால் ஒரு பைசாவும் கூடாது, பொய் சொல்கிறார் என்ற எண்ணம் மட்டும் மிஞ்சும்.

மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 25ஏ பிரிவு சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும். ஒரு வாய்தாவையும் தவற விடாதீர்கள். நீங்கள் வராததால் மனு தள்ளுபடியானால் மறுபடி உயிர் கொடுக்கத் தனி மனு, தனி அலைச்சல்.

12. உத்தரவுக்குப் பிறகு

எதிர்த்தரப்பு 60 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் முதலாளி முழுத் தொகையையும் ஆணையரிடம் கட்டிய சான்றோடுதான் போக முடியும், அதுவும் முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான். கட்டாமல் இழுத்தால் 31-ஆம் பிரிவுப்படி நில வரி பாக்கியைப் போல வசூலிக்க ஆணையரிடம் மனு கொடுங்கள். வசூல் தானாக நடக்காது. முதலாளியின் இடம், வண்டி எண், நிலத்தின் சர்வே எண் போன்ற விவரங்களை அந்த மனுவோடு நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

பணம் வந்ததும் உயிரிழப்பு வழக்கில் ஆணையர் பங்கு பிரிப்பார். சிறு பிள்ளைகளின் பங்கு வங்கியில் வைப்பாகப் போடப்படும். மனைவியின் பெயரில் தனிக் கணக்கு முன்கூட்டியே திறந்து வையுங்கள், அண்ணன் தம்பியோடு கூட்டுக் கணக்கு வேண்டாம். கடன் கொடுத்தவர் யாரும் இந்தப் பணத்தின் மேல் ஜப்தி கேட்க 9-ஆம் பிரிவு இடம் தரவில்லை. பிள்ளைகளின் வைப்பு ரசீது எந்த வங்கிக் கிளையில், எந்த எண்ணில், எந்தத் தேதி வரை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர்களுக்கு 18 வயதாகும்போது அதைக் காட்டித்தான் ஆணையர் அலுவலகத்தில் பணத்தை விடுவிக்கக் கேட்க வேண்டும்.